பேர் அழிந்த தட்டுகள்

"மேடம், காலேஜ்ல சொல்லிடலாமா?" என்று கேட்டுக்கொண்டே தேவசகாயம் உள்ளே வந்தார். ஒரு கையில் மைசூர்பாகுப் பெட்டி. மறு கையில் மூடி போட்ட ஆய்வுத் தட்டு.

தேவசகாயம் ஒரு காலேஜில் தாவரவியல் வாத்தியார். தலை பாதி நரைத்த பிறகு ஆராய்ச்சிப் பட்டத்துக்கு வந்தவர். அவருக்கு வழிகாட்டியான பர்வீன் மேடம் வயதில் இளையவர்தான். ஆனாலும் குரு குருதானே!

இந்த மாதத்துக்குள் முடிவு காட்டாவிட்டால் தேவசகாயத்தின் பதிவு ரத்து. இத்தனை வருட உழைப்பும் அம்போ.

"என்ன சார் விசேஷம்?"

"துவரையோட மரபணு வேலை செய்யுது மேடம்!"

லைசின் என்ற அமினோ அமிலத்தைத் தானே செய்துகொள்ளத் தெரியாத பாக்டீரியா அது. செய்யக் கற்றுத்தரும் துவரை மரபணுவை அதற்குள் ஏற்றி, லைசினே இல்லாத தட்டில் பட்டினி போட்டிருந்தார். மரபணு வேலை செய்தால் பிழைக்கும். இல்லையென்றால் சாகும்.

தட்டு முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். பிழைத்திருந்தன.

பர்வீன் ஒரு மைசூர்பாகை எடுத்தார். வாயருகே போன கை நின்றது.

"மரபணு ஏத்தாததையும் ஒரு பிளேட்ல போட்டீங்கல்ல?"

"போட்டேனே."

"எங்க?"

"அதுல ஏதோ அழுக்குப் பட்டிருச்சு மேடம். தூக்கிப் போட்டுட்டேன்."

"அழுக்குன்னு எப்படித் தெரியும்?"

"அதுலயும் வளர்ந்திருந்துச்சே!"

சொல்லிவிட்டுச் சிரிக்க வேறு செய்தார் மனிதர்.

பர்வீன் மைசூர்பாகைக் காகிதத்தில் வைத்துவிட்டு எழுந்து போனார். கையுறை மாட்டி, கழிவு வாளியிலிருந்து அந்தத் தட்டை எடுத்து வந்தார். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் இரண்டு தட்டுகளிலும் மையால் எழுதியிருந்த பேரைத் துடைத்தார். மேசைக்கு அடியில் மாற்றி மாற்றிக் கலைத்தார். மேலே எடுத்து வைத்தார்.

"இதுல எது சார் உங்க பிளேட்டு?"

தேவசகாயம் குனிந்து பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன.

"அழிச்சிட்டீங்களே மேடம்! என்கிட்ட இருந்ததே இது ஒண்ணுதான்!"

"நான் அழிச்சது மையை மட்டுந்தான் சார்."

தேவசகாயம் பெட்டியைக்கூட எடுக்காமல் போனார்.

மாதக் கடைசியில் திரும்பி வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. இரண்டு தட்டுகளை மேசையில் வைத்தார்.

"அன்னிக்கு பாக்டீரியாவைச் சரியாக் கழுவாமப் போட்டிருக்கேன் மேடம். வளர்த்த சத்துத் தண்ணியும் கூடவே போயிருக்கு. பட்டினின்னு பேருதான், நானே சோறு போட்டிருக்கேன். இந்தத் தடவை நல்லாக் கழுவிட்டேன்."

"மரபணு ஏத்தாதது?"

"ஒண்ணும் வளரல."

"ஏத்தினது?"

தேவசகாயம் தலையைக் குனிந்துகொண்டார்.

"அதுலயும் ஒண்ணும் இல்ல மேடம். ரெண்டும் காலி. நாளையோட பதிவும் போகுது. காலேஜ்ல என்னன்னு சொல்லுவேன்?"

"இப்பச் சொன்னீங்களே, அதையே சொல்லுங்க."

பர்வீன் இழுப்பறையைத் திறந்தார். அதே காகிதம். அதே மைசூர்பாகு. காய்ந்து கல்லாகியிருந்தது.

தேவசகாயம் பார்த்துக்கொண்டிருக்க, கடக்கென்று ஒரு கடி கடித்தார்.

"நல்ல மைசூர்பாகு சார்."