நூறடிக் கூரை

"மேடம், நான் எங்கேதான் போகட்டும்?"

இசக்கிராஜா இதைக் கேட்பது பதினேழாவது தடவை. சுரங்கப் பொறியியல், கடைசி வருஷம். நாலு வருஷமாகப் பாறையும் வெடிமருந்துமாகப் படித்தவனுக்குச் சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி வேலை தருகிறேன் என்கிறது. வருகிறாயா இல்லையா என்று இன்று மதியம் ரெண்டு மணிக்குள் சொல்லியாக வேண்டும்.

வீட்டில் அதற்கே போ என்கிறார்கள். அவனுக்கோ சுரங்கத்தை விட்டுவிடவும் மனசில்லை. ஒருநாள் நிலத்தடிச் சுரங்கம் என்பான், மறுநாள் திறந்தவெளிச் சுரங்கம் என்பான், அதற்கடுத்த நாள் பாதுகாப்பு அதிகாரி பரீட்சை எழுதப்போகிறேன் என்பான். பாவம், ஒரு மாசமாகச் சோறு இறங்கவில்லை.

பேராசிரியர் அமலோற்பவம் ஒரு தொப்பி விளக்கை எடுத்து அவன் கையில் கொடுத்தார். அந்தம்மா எப்போதும் அப்படித்தான், கேள்வி கேட்டால் வேலை கொடுப்பார்.

பயிற்சிக்கு வந்திருந்த நிலக்கரிச் சுரங்கத்துக்குள் அவனைக் கூட்டிப்போனார். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் அதைக் கொடுத்தபோது பையன் முகம் செத்துப்போயிற்று.

கீழே, நூறடி நீளத்தில் ஒரு பாதை. கூரை கைக்கு எட்டுகிற உயரம். ரெண்டு மணி ஷிப்டுக்குப் பதினாறு பேர் அந்த வழியாகத்தான் வருவார்கள். மேஸ்திரி காலையிலேயே சோதித்த பாதைதான். ஆனாலும் அந்தம்மா ஒரு கம்பை நீட்டி, நீயும் தட்டிப் பார் என்றார். கணீரென்று கேட்டால் பாறை கெட்டி. பொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல், எப்போது வேண்டுமானாலும் விழும்.

பத்தே நிமிஷத்தில் இசக்கி திரும்பி வந்தான். கம்பு கூரையில் இருந்தது, மனசு போனில் இருந்தது. எல்லாம் நல்லாத்தான் இருக்கு, கிளம்பலாமா என்றான்.

"அப்படின்னா சாப்பிட்டுட்டே போவோம்."

பாதை நடுவில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாத டப்பாவைத் திறந்தார்.

அவன் அண்ணாந்து பார்த்தான்.

"மேடம், அங்கே வேண்டாம்."

"ஏன்?"

"அந்த இடத்தைத் தட்டினேனான்னு ஞாபகம் இல்லை."

"எந்த இடம் ஞாபகம் இருக்கு?"

வெட்கம் பிடுங்கித் தின்றது அவனை. நூறடியில் ஓர் அடிகூட ஞாபகம் இல்லை. அந்தம்மா எழுந்திருக்கவும் இல்லை. ஒரு வாய் எடுத்துப் போட்டு நிதானமாக மென்றார்.

அவன் கம்பை எடுத்தான். முதலில் அவர் தலைக்கு மேலே. பிறகு பாதை ஆரம்பத்துக்கே போனான். ஒரு கையால் தட்டினான், மறு கையைப் பாறையில் வைத்து அதிர்வு பார்த்தான். கேட்டான். அரை அடி நகர்ந்தான். மறுபடி தட்டினான்.

டப்பா காலியாயிற்று. அமலோற்பவம் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இசக்கி, ரெண்டாகப் போகுது. கம்பெனிக்குப் பதில் சொல்லணும்னா இப்பவே மேலே ஏறணும்."

பாதையின் கோடியில் தொப்பி விளக்குகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கியிருந்தன.

அவன் திரும்பவில்லை. உள்ளங்கை பாறையிலேயே இருந்தது.

"அவங்களை அங்கேயே நிற்கச் சொல்லுங்க மேடம். இன்னும் நாலடி இருக்கு."