பதினோரு நிமிஷம் நின்ற பாலம்

மாசிலாமணி ஞானம் தேடிப் போனது ஒரு பால்வாடிக்கு.

சனிக்கிழமை மதியம் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, பால்வாடி டீச்சர் ஜெசிந்தா அங்கே பெரியவர்களுக்குப் பாடம் எடுப்பார். இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறது. அதில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம். சம்பளம் கிடையாது. எழுதினவர் பேரும் மேலே வராது. அதில் எழுதத் தொடங்குவது எப்படி என்பதுதான் பாடம்.

டீச்சருக்கு இருபத்தெட்டு வயது. சீடர்கள் மூன்று பேர், யாரும் ஐம்பதுக்குக் குறைவில்லை. தெருக்காரர்கள் அந்த இடத்தை மடம் என்பார்கள்.

மடத்தில் இருந்த நாற்காலி எல்லாம் பிள்ளைகளுடையது. மாசிலாமணி உட்கார்ந்தபோது முழங்கால் தாடைக்கு வந்தது. சுவரில் வரைந்திருந்த அணில் அவரையே பார்த்தது.

"சொல்லுங்கய்யா" என்றார் டீச்சர்.

"நான் பஸ் கண்டக்டர். முப்பத்தோரு வருஷம் சர்வீஸ். போன வருஷம்தான் ரிட்டையர் ஆனேன்."

"சரிங்க."

"நேத்து கலைக்களஞ்சியத்துல எங்க ஊர்ப் பக்கத்துல ஒரு விஷயம் எழுதினேன். வெண்கரைப்பட்டி ஓடைக் கல்பாலத்தை எங்க தாத்தா பெரியதம்பி தனி ஆளாக் கட்டினார்னு. பதினாலு வரி. எழுதிட்டு ஒரு டீ குடிச்சுட்டு வந்து பார்க்கறேன், ஒரு வரி இல்ல. பதினோரு நிமிஷந்தான் இருந்திருக்கு. எவனோ ஒருத்தன் தூக்கிட்டான்."

"ஒருத்தன் இல்லீங்க. நான்தான்."

மாசிலாமணி கோபமாக எழுந்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது. மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் டீச்சர்?"

"சான்று இல்ல."

"அதான் நான் சொல்றேனே."

டீச்சர் தரையில் கிடந்த ஒரு பொம்மையை எடுத்து அலமாரியில் வைத்தார். பிறகு கேட்டார்.

"பஸ்ல ஒருத்தர் ஏறறார். டிக்கெட் வாங்கிட்டேன்னு சொல்றார். நீங்க என்ன செய்வீங்க?"

"காட்டச் சொல்வேன்."

"நல்ல மனுஷர். வெள்ளை வேட்டி."

"வெள்ளை வேட்டிதான் முக்கால்வாசி மாட்டும். காட்டச் சொல்வேன்."

"உங்களுக்குத் தெரிஞ்சவர்."

"டீச்சர், எங்க மாமனாரையே நான் இறக்கி விட்டிருக்கேன்" என்றார் மாசிலாமணி.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது. அணிலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அவருக்கு அவசரம் இருந்தது. மகள் சங்கவிக்கு மேலச்சுனையில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். பேச வந்த அன்று சம்பந்தி துரைக்கண்ணு போனை எடுத்து இரண்டு ஊர்ப் பக்கத்தையும் காட்டினார். மேலச்சுனைக்கு மூன்று பத்தி, கோபுரப் படம். வெண்கரைப்பட்டிக்கு ஒரே வரி. 'வெண்கரைப்பட்டி ஒரு சிற்றூர் ஆகும்.'

"ஆகும்னு முடிச்சுட்டான் பாருங்க. அதுக்கு மேல அங்க எதுவும் ஆகலை போல" என்று துரைக்கண்ணு சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். சங்கவியும் சிரித்துவிட்டாள்.

அந்தக் கோபத்தில் மாசிலாமணி வாயை விட்டுவிட்டார். "நிச்சயதார்த்தத்துக்கு வாங்க சம்பந்தி. எங்க ஊர்ப் பாலமும் எங்க தாத்தா பேரும் அதுல இருக்கும். இல்லேன்னா தாம்பூலத் தட்டை நான் தொட மாட்டேன். என் தம்பி வாங்கட்டும்."

பேர் வராவிட்டால், பெற்ற மகளின் நிச்சயதார்த்தத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதற்கு இன்னும் நாலு வாரம் இருந்தது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு டீச்சர் சொன்னார். "முதல்ல மணல்தொட்டிக்குப் போங்க."

"எங்க?"

"எழுதிப் பழகற இடம். அங்க என்ன எழுதினாலும் யாருக்கும் நஷ்டம் இல்ல."

"அறுபத்தோரு வயசுல மணல்ல விளையாடச் சொல்றீங்க."

"எங்க பிள்ளைங்க எல்லாம் அங்க ஆரம்பிச்சவங்கதான்" என்றார் டீச்சர்.

ஒரு வாரம் மாசிலாமணி மணல்தொட்டியில் எழுதினார். பிறகு டீச்சர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். முன்பின் பார்க்காத ஊர்களின் பக்கத்தில் விட்டுப்போன முற்றுப்புள்ளியைப் போட வேண்டும். அவர் நாற்பது முற்றுப்புள்ளி போட்டார். ஒருவரும் நன்றி சொல்லவில்லை. ஒருவரும் அழிக்கவும் இல்லை. அதுவே அவருக்குப் பெரிய மரியாதையாகத் தெரிந்தது.

இரண்டாம் வாரம் முடிந்த சனிக்கிழமை அவர் வேகமாக வந்தார். கையில் மஞ்சள் நோட்டீஸ்.

"சான்று கேட்டீங்களே டீச்சர். அச்சுல வந்திருக்கு."

அது வெண்கரைப்பட்டி மாரியம்மன் திருவிழா நோட்டீஸ். கரகம், அன்னதானம், வாணவேடிக்கை. அதற்குக் கீழே பெரிய எழுத்தில், 'பெரியதம்பி அவர்கள் தனி ஆளாகக் கட்டிய புகழ்பெற்ற பாலம் அமைந்த ஊர்.'

டீச்சர் நோட்டீசைத் திருப்பினார். மறுபக்கம் கடைசியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. 'தகவல்: இணையக் கலைக்களஞ்சியம்.'

"இதை அச்சகத்துக்கு எழுதிக் கொடுத்தது யாருங்க?"

மாசிலாமணி தொண்டையைச் செருமினார். "விழாக் கமிட்டி."

"கமிட்டியில யாரு?"

"நான் செயலாளர்."

"கலைக்களஞ்சியத்துல இந்த விஷயம் எத்தனை நேரம் இருந்துச்சு?"

"பதினோரு நிமிஷம்."

மற்ற மூன்று சீடர்களும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஒருவருக்குத் தோள் குலுங்கியது.

டீச்சர் நோட்டீசை மடித்து அவரிடமே கொடுத்தார். "அய்யா, கூட்டமான பஸ். முன்னாடி ஒரு அம்மா. டிக்கெட் கேட்டா என்ன சொல்வாங்க?"

"பின்னாடி வீட்டுக்காரர் எடுத்துட்டார்ம்பாங்க."

"பின்னாடி போய் வீட்டுக்காரரைக் கேட்டா?"

"முன்னாடி அவ எடுத்துட்டான்னு சொல்வான். முப்பத்தோரு வருஷமும் இதே கதைதான் டீச்சர். முன்னாடிக்கும் பின்னாடிக்கும் நடந்தே என் கால் தேய்ஞ்சுது. ரெண்டு பேரும் சத்தியம் பண்ணுவாங்க. ரெண்டு பேர்கிட்டயும் டிக்கெட் இருக்காது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார். நோட்டீசைச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

மூன்றாம் வாரம் முழுக்க அவர் மாவட்டத் தலைநகரத்தில் ஒரு பழைய நூலகத்தில் இருந்தார். காலையில் சாப்பாடு கட்டிக்கொண்டு போவார். சாயங்காலம் சட்டையெல்லாம் தூசியாக வருவார்.

"வேலைக்குப் போனப்பகூட நேரத்துக்கு வந்தீங்க" என்றாள் மனைவி.

வியாழக்கிழமை கிடைத்துவிட்டது. 1931-ம் வருஷத்து ஜில்லா போர்டு அறிக்கை, பக்கம் நூற்று ஆறு. வெண்கரைப்பட்டி ஓடைப் பாலம். பேர் பேராக எழுதியிருந்தது. அவர் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்தார். பிறகு புத்தகத்தை மூடி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே வந்தார். பஸ் ஸ்டாண்டில் மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு நாலாவதில் ஏறினார்.

சனிக்கிழமை எல்லாரும் போகும்வரை சின்ன நாற்காலியில் காத்திருந்தார். பிறகு போனை டீச்சரிடம் நீட்டினார்.

டீச்சர் படித்தார். மேஸ்திரி சடையன் தலைமையில் பதினெட்டு ஆட்கள் எட்டு மாதம் கட்டியது. கல் சுமந்த பெண்கள் பதினோரு பேர். எல்லாருக்கும் பேர் இருந்தது. கடைசியில் இன்னொரு வரி. 'பாலம் வந்தால் மோட்டார் வரும், மோட்டார் வந்தால் கோழிகள் சாகும், ஆகவே பாலம் வேண்டாம் என்று மனுக் கொடுத்தவர்: மேற்படி ஊர் பெரியதம்பி.'

டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"சிரிக்கணும்னா சிரிச்சிடுங்க" என்றார் மாசிலாமணி. "பஸ் வேண்டாம்னு மனுக் கொடுத்தவர் பேரன் கண்டக்டர்."

டீச்சர் சிரித்துவிட்டார். மாசிலாமணி சிரிக்கவில்லை.

"வர்ற வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம் டீச்சர். இது யாருக்கும் தெரியாது. அந்தப் புத்தகத்தைத் தொண்ணூறு வருஷமா ஒருத்தரும் திறக்கலை. பக்கம் பக்கமா ஒட்டிக் கிடந்துச்சு. நான் பார்க்கவே இல்லைன்னு வெச்சுக்கறேன். தாத்தா பேரையும் எழுதலை, பொய்யும் எழுதலை. ஒரு வரியாவே இருந்துட்டுப் போகட்டும். தட்டைத் தம்பி வாங்கட்டும். தப்பா?"

டீச்சர் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஸ்டாப்ல ஆள் நிக்குது. சடையன், அவர்கூடப் பதினெட்டு பேர், கல் சுமந்த பதினோரு அம்மாங்க. தொண்ணூறு வருஷமா நிக்கறாங்க. உங்க பஸ் காலி. கண்டக்டர் நீங்க. நிறுத்தாம விசில் கொடுத்துட்டுப் போவீங்களா?"

மாசிலாமணி போனைச் சட்டைப் பையில் வைத்தார், மறுபடி எடுத்தார். வெளியே யாரோ ஊஞ்சல் சங்கிலியை இழுத்துவிட்டுப் போனார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டார். "கம்ப்யூட்டர் இருக்கா டீச்சர்? வீட்டுக்குப் போனா மனசு மாறிடும்."

அங்கேயே உட்கார்ந்து எழுதினார். ஒவ்வொரு பேராக எழுதினார். பெண்கள் பேரை எழுதும்போது இரண்டு தடவை சரிபார்த்தார். கோழி வரியில் கை நின்றது. அதையும் எழுதி, பக்கம் நூற்று ஆறு என்று சான்றும் போட்டார்.

பதினோரு நிமிஷம் காத்திருந்தார். யாரும் அழிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சபை கூடியது. தட்டு வந்தது. மாசிலாமணி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தம்பியை முன்னே போய் வாங்கச் சொன்னார். தம்பி தட்டை வாங்கினார். சங்கவி அப்பாவைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

துரைக்கண்ணு விடவில்லை. "இருங்க, இருங்க. அதுல என்னதான் இருக்குன்னு பார்த்துடுவோம்." போனை எடுத்து உரக்கப் படித்தார். சடையனைப் படித்தார். பதினெட்டுப் பேரைப் படித்தார். பெண்கள் பேர் வந்தபோது சபையின் பின்னால் இருந்து ஒரு கிழவி, "பாவாயியா? எங்க அம்மாவைப் பெத்த அம்மாயி பேருய்யா அது. மறுபடி படி" என்றாள். மறுபடி படித்தார். பிறகு கோழி வரிக்கு வந்தார்.

சபை கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரிப்பில் வெடித்தது. பந்தலே ஆடியது.

"இதை எழுதினது யாரு?" என்றார் துரைக்கண்ணு கண்ணைத் துடைத்தபடி.

"நான்தான்."

"உங்க தாத்தாவைப் பத்தி நீங்களேவா?"

"சான்று இருக்கு சம்பந்தி."

துரைக்கண்ணு தட்டைத் தம்பியிடமிருந்து வாங்கி மாசிலாமணியிடம் நீட்டினார். "பாலமும் தாத்தா பேரும் இருக்கும்னு சொன்னீங்க. ரெண்டும் இருக்கு. பிடிங்க. கோழி பத்திரம்."

மாசிலாமணி வாங்கிக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, பால்வாடி வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. துரைக்கண்ணு உள்ளே வந்தார். கையில் போன். முகம் சிவந்திருந்தது.

"இங்கதான் அந்தக் கலைக்களஞ்சியக்காரங்க இருக்கீங்களா? எங்க ஊர்ப் பக்கத்துல, எங்க அப்பாதான் இந்த வட்டாரத்துக்கே முதல் பள்ளிக்கூடம் கட்டினார்னு இருக்கு. அதுக்குப் பக்கத்துல 'சான்று தேவை'ன்னு எவனோ ஒருத்தன் ஒட்டிட்டுப் போயிருக்கான்."

மூலையில் இருந்த சின்ன நாற்காலியில் மாசிலாமணி நிமிர்ந்தார்.

"ஒருத்தன் இல்ல சம்பந்தி. நான்தான்."

துரைக்கண்ணு போனைக் கீழே இறக்கினார். "என்ன சம்பந்தி இது? அதான் நான் சொல்றேனே."

"டிக்கெட் இருக்கா?"

துரைக்கண்ணு டீச்சர் பக்கம் திரும்பினார். "டீச்சர், நியாயத்தை நீங்க சொல்லுங்க. ஊர்ல எல்லாரையும் இவர் செக் பண்ணுவார். இவர் எழுதறதை யார் செக் பண்றது?"

டீச்சர் இன்னொரு சின்ன நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அதுக்குத்தான் ஆள் இல்லாம இருந்தோம். உட்காருங்கய்யா."