குளம் வற்றிய கோடையில் மைனா நடத்திய கூட்டம்

சுனைக்காட்டில் ஒரே ஒரு குளம்தான் இருந்தது. அந்தக் கோடையில் அதுவும் வற்றிச் சேறாகிவிட்டது. என்ன செய்வது என்று முடிவெடுக்க விலங்குகள் மருதமரத்தடியில் கூடின. கூட்டத்தை நடத்தும் பொறுப்பு சிட்டாயி என்ற மைனாவுக்கு.

சிட்டாயி உயரமான கிளையில் அமர்ந்து கூட்டத்தைத் தொடங்கியது. உடனே யானை எழுந்து, மலையைத் தாண்டி ஆற்றுக்குப் போய்விடலாம் என்றது. வழியெல்லாம் பாறை. குட்டிகளால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. ஆனாலும் எல்லாரும் தலையாட்டினார்கள்.

வேறு யோசனை இருக்கிறதா என்று சிட்டாயி கேட்டது. எல்லாரும் யானையைத் திரும்பிப் பார்த்தார்கள். "முயலே, நீ சொல்" என்று பெயர் சொல்லி அழைத்தது. முயல் புதருக்குள் பதுங்கிக்கொண்டது.

சிட்டாயிக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. கீழே பார்த்தது. எல்லாரும் கழுத்து வலிக்க அண்ணாந்து தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது அப்போதுதான் உறைத்தது. இறங்கி வந்து அவர்கள் நடுவே தரையில் உட்கார்ந்தது. முதலில் முயலிடம் மன்னிப்புக் கேட்டது. பிறகு யானையின் பக்கம் திரும்பியது.

"ஐயா, நீங்கள் முதலில் பேசிவிட்டால் அதற்குமேல் யாருக்கும் பேச்சு வருவதில்லை. இன்றைக்கு மட்டும் கடைசியில் பேசுவீர்களா?"

யானை காதை ஆட்டியது. பிறகு சரி என்று உட்கார்ந்துகொண்டது.

"யாரும் யோசனை சொல்ல வேண்டாம். காட்டில் எங்கே ஈரத்தைப் பார்த்தீர்கள்? அதைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னால் போதும்" என்றது சிட்டாயி.

முதலில் மெல்லக் கிசுகிசுப்பு எழுந்தது. பிறகு மரத்தடியே கலகலத்தது. மூங்கில் புதரருகே கிழங்கு தோண்டியபோது மூக்கில் ஈர மண் ஒட்டியது என்று முள்ளம்பன்றி மானிடம் சொன்னது. அங்கேதான் புல் இன்னும் பச்சையாக இருக்கிறது என்றது மான். தன் குஞ்சுகளுக்கு அங்கே புழு கிடைத்ததைக் காட்டுக்கோழி சொன்னது. அதைக் கேட்டு முயலும் வெளியே வந்தது.

"என் வளைக்குள் சுவர் கசிகிறது. அதுவும் மூங்கில் பக்கம்தான்."

இதெல்லாம் ஒரு விஷயமா என்று அவரவர் தமக்குள்ளேயே வைத்திருந்தவை அவை.

கடைசியாக யானை பேசியது. "மலை தாண்டினால் குட்டிகள் பிழைக்குமா என்று எனக்கும் பயமாகத்தான் இருந்தது. வேறு வழி தெரியாமல்தான் அப்படிச் சொன்னேன். வாருங்கள், மூங்கில் புதரருகே தோண்டிப் பார்ப்போம்."

யானை காலால் மண்ணைக் கிளறித் துதிக்கையால் அள்ளிப் போட்டது. மற்றவர்களும் சேர்ந்து தோண்டினார்கள். பொழுது சாய்வதற்குள் பள்ளத்தில் தண்ணீர் ஊறியது. குட்டிகள் முதலில் குடித்தன.

மற்றவர்கள் அச்சமில்லாமல் பேசக் கூட்டத்தை நடத்துபவர் இடம் கொடுத்தால், ஒவ்வொருவரிடமும் இருக்கும் சிறு செய்திகள் ஒன்றுசேர்ந்து எல்லாரையும் காக்கும்.