இருபது இருநூறான நாள்

"டீச்சர், என்னைய ஏமாத்திப்போட்டாங்க!" என்று கத்திக்கொண்டே மாடியேறி வந்தார் குணசீலன்.

அவருக்கு அறுபதாகப் போகிறது. நித்திலா டீச்சருக்கு முப்பத்திரண்டுதான். பங்குச் சந்தையில் ஆப்ஷன் வாங்கி விற்கும் வித்தையைக் கோயம்புத்தூரில் அவளிடம் கற்க வந்த சீடர்களில் இவர்தான் மூத்தவர். அவசரத்திலும் இவரை மிஞ்ச ஆளில்லை.

"யாருங்க ஏமாத்தினா?"

"பதினாலு ரூபாய்ல கிடந்த ஷேரு இன்னைக்கு நூத்தி நாப்பதுங்க! இந்த மாசக் கடைசிக்குள்ள ஐயாயிரம் ஷேரை இருபது ரூபாய்க்கு வாங்குற உரிமை எங்கிட்ட இருக்குது. இப்பப் பார்த்தா, இருபதை இருநூறுன்னு மாத்தி வெச்சிருக்கானுங்க. ஐயாயிரமும் ஐநூறாச் சுருங்கிப்போச்சு!"

"கம்பெனி பத்து ஷேரை ஒண்ணாச் சேர்த்திருச்சுங்க சார். அதான் விலை பத்து மடங்கு. உங்க ஒப்பந்தத்தையும் அதே கணக்குல மாத்திட்டாங்க. அன்னைக்கும் லட்ச ரூபாய் ஒப்பந்தம், இன்னைக்கும் லட்ச ரூபாய் ஒப்பந்தம்."

"அப்ப ஷேரு ஏறுனது?"

"ஏறவே இல்லீங்களே."

தொப்பென்று பெஞ்சில் உட்கார்ந்தார்.

பாவம், பணத்தாசை பிடித்த மனுஷன் இல்லை. மனைவி பூங்கோதை பேரனைப் பார்த்துக்கொள்ள டொராண்டோ போய் ஒன்பது மாதமாகிறது. தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, வீடே அவருக்கு வெறுத்துவிட்டது. விலை இருபதைத் தாண்டினால் அந்த லாபத்தில் டிக்கெட் எடுத்து அவளிடம் பறந்துவிடலாம் என்று தினமும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் நூற்று நாற்பதைக் கண்டதும் கால் தரையில் பாவவில்லை. உடனே அவளைக் கூப்பிட்டு, வந்துவிடுகிறேன் என்று சொல்லியும்விட்டார்.

"டொராண்டோ எவ்வளவு தூரமுங்க சார்?" என்றாள் டீச்சர்.

"பதிமூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல."

"மைல்ல சொல்லுங்க."

"எட்டாயிரத்துச் சொச்சம்."

"எண்ணு குறைஞ்சிருச்சே, வீட்டுக்காரம்மா பக்கத்துல வந்துட்டாங்களா?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

டீச்சர் மேஜையில் அவர் வைத்திருந்த போனை அவர் பக்கம் தள்ளிவைத்துவிட்டு, ஜன்னலோரம் போய் நின்றுகொண்டாள்.

இங்கே சாயங்காலம்; டொராண்டோவில் அப்போதுதான் விடிகிறது. முதல் மணியிலேயே பூங்கோதை எடுத்தாள்.

"சொல்லுங்க மாமா."

"நான் வரல கோதை. ஷேரு ஏறல. நான்தான் தப்பாப் பார்த்துப்போட்டேன்."

"சரிங்க." அவள் குரல் இறங்கிப்போயிற்று. "பரவாயில்லீங்க. அடுத்த மாசம் பார்க்கலாம்."

அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று எத்தனை மாசம்! இத்தனை நாளும் வீம்பில் வாய்க்குள்ளேயே கிடந்த வார்த்தை அப்போதுதான் வெளியே வந்தது.

"என்னால முடியல கோதை. நீ வந்துரேன்."

மறுமுனையில் விசும்பல் கேட்டது.

"இதை நீங்க கேக்கோணும்னுதான மாமா, ரிட்டர்ன் டிக்கெட்டை வெச்சுக்கிட்டு இத்தனை நாளாக் காத்துக்கிட்டு இருக்கேன்."