தலைவர் ஏறினால் மட்டும்

வியாபாரிகள் சங்கத் தலைவர் வேலாயுதப்பெருமாள் தன் பழைய காரில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் ஏசி அனலைக் கக்கும். டிரைவர் சவரிமுத்து தனியாக ஓட்டினால் ஜில்லென்று குளிரும். தலைவர் வருமுன் மெக்கானிக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு குறையும் இல்லையே" என்றார்.

தலைவர் பட்டறை வாசலிலேயே கத்தினார். "அப்போ இவன்தான் வேணும்னே அணைக்கிறான்! டேய், நான் ஏறும்போதும் குளிரணும். இல்லே, இன்னையோட உனக்கு வேலை கிடையாது!"

சவரிமுத்துவுக்கு ரத்தம் கொதித்தது. "குளிர வைக்கிறேன் ஐயா. ஆனா நீங்க ஏறும்போது கூடவே இன்னொருத்தர் ஏறுறாரே, அவரை இறக்கணும்."

"யாருடா அவன்?"

தலைவர் வரும்போது மட்டும் காரின் முன்பக்கம் மாட்டுகிற 'மாண்புமிகு தலைவர்' பலகையைச் சவரிமுத்து வெடுக்கென்று கழற்றினார். கதவு அகலம் இருந்தது அது.

"இவர்தான். முன்னாடி ஏசிக்குக் காத்து போற வழியை மறிச்சுக்கிட்டு நிக்கிறார். சொல்ல வந்தப்பல்லாம் 'வாயை மூடிட்டு ஓட்டு'ன்னீங்க."

தலைவரை ஏற்றி ஊரைச் சுற்றினார். கடைசிவரை குளிர்ந்தது. திரும்பி வந்ததும் மெக்கானிக் வாயைப் பொத்திச் சிரித்தார்.

"பலகை இல்லாட்டி நான் யாருன்னு எவனுக்குடா தெரியும்?" என்று தலைவர் உறுமினார்.

சவரிமுத்து பலகையை அவர் மடியில் தொப்பென்று வைத்தார். "தூக்கிக் காட்டிக்கிட்டே வாங்க."