கதவோரத்து திக்ரு

"நாலாம் நாள் விட்டுப்போகுது, ஆலிமா."

மைமூன் நாச்சிக்கு ஐம்பத்தெட்டு வயது. அவளுக்கு மார்க்கப் பாடம் சொல்லிக் கொடுக்கும் ஆலிமா நுஸ்ரத்துக்கு முப்பத்திரண்டு. பெண்கள் கூடி ஓதும் அந்தத் தைக்காவில் மைமூன்தான் மூத்த மாணவி. ஆலிமாவின் உம்மாவோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவள்.

"எது விட்டுப்போகுது, மாமி?"

"காலை திக்ரு, மாலை திக்ரு. நீங்க ஓதச் சொல்லி எழுதிக் கொடுத்த அட்டை பத்திரமா இருக்கு. மூணு நாள் ஓதறேன். நாலாம் நாள் பால்காரன் வர்றான். இல்லாட்டி ஷார்ஜாவிலிருந்து மக போன் பண்றா. போச்சு. பதினோரு தடவை ஆரம்பிச்சுட்டேன்."

"பன்னிரண்டாவது தடவை ஆரம்பிங்க."

"சிரிக்காதீங்க. எனக்குப் பயமா இருக்கு."

பயத்துக்குக் காரணம் இருந்தது. மைமூனின் உம்மா மௌத்தான அன்று கடைசிப் பேச்சாக நாவில் இருக்க வேண்டிய கலிமாவைச் சுற்றியிருந்தவர்கள் சொல்லிச் சொல்லிக் கொடுத்தார்கள். உம்மா கண்ணைத் திறந்து, "கோழியை அடைச்சாச்சா?" என்று கேட்டாள். அதுதான் கடைசிப் பேச்சு. வீட்டில் கோழி இல்லாமல் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. நாற்பது வருஷம் அந்தி தவறாமல் கேட்ட கேள்வி நாக்கிலேயே தங்கிவிட்டது.

"பழகினதுதான் கடைசியில வரும்," என்றாள் மைமூன். "என் நாக்குல என்ன வரும்னு தெரியல."

ஆலிமா சிரிப்பை நிறுத்தினாள்.

"தொழுத இடத்திலேயே உக்காந்து ஓதிட்டா என்ன?"

"பாயைச் சுருட்டினதும் கால் தானா எழுந்து போகுது."

"எங்க?"

மைமூன் முந்தானையைச் சரிசெய்தாள். "வீட்டுக்குள்ளதான். ஒரு கதவு வரைக்கும்."

"தினமுமா?"

"காலைல சுப்ஹு தொழுதுட்டு ஒருதரம். சாயங்காலம் அஸர் தொழுதுட்டு ஒருதரம்."

"எத்தனை வருஷமா?"

"ஒன்பது."

"தவறினது உண்டா?"

"டெங்கு வந்தப்பகூட சுவரைப் பிடிச்சுக்கிட்டுப் போனேன்."

"அப்ப அங்கேயே நின்னு ஓதுங்க. உங்க காதுக்குக் கேக்கற மாதிரி ஓதுங்க."

அது எந்தக் கதவு என்று ஆலிமா கேட்கவில்லை. மைமூனும் சொல்லவில்லை.

*

அந்தக் கடற்கரை ஊரில் பெண்ணுக்கு வீடு கொடுப்பது வழக்கம். மாப்பிள்ளைதான் வந்து சேர்வார். மைமூனின் வாப்பாவுக்கு இரண்டு பெண்கள், ஒரே வீடு. நடுவில் சுவர் எழுப்பி மூத்தவளுக்குப் பாதி, இளையவள் சாராவுக்குப் பாதி கொடுத்தார். சுவரில் ஒரு கதவும் விட்டார். அக்காளும் தங்கையும் தெருவைச் சுற்ற வேண்டாம் என்று.

முப்பது வருஷம் அந்தக் கதவு வழியாகக் குழம்பு போனது, பிள்ளைகள் போனார்கள், சண்டையும் போய் வந்தது.

பிறகு சாராவின் மகனுக்கு மைமூனின் மகளைப் பேசி முடித்தார்கள். ஊருக்கெல்லாம் சொன்ன பிறகு சாரா அடுத்த தெருவில் பெண் எடுத்தாள். மைமூன் தாழ்ப்பாளைப் போட்டாள். அவள் மகள் வேறொருவரைக் கட்டி, இரண்டு பிள்ளை பெற்று, நடந்ததை மறந்தும்விட்டாள். தாய் மறக்கவில்லை.

அன்று முதல் மைமூனுக்கு சாரா 'அந்த வீட்டுக்காரி'. அதுவரை அக்காளை 'ராத்தா' என்று கூப்பிட்ட சாரா மைமூனுக்கு வைத்த பெயரும் அதுவே.

காலையும் அந்தியும் மைமூன் கதவில் காதை வைப்பாள். அந்தப் பக்கம் பாத்திரம் உருளும். சாரா இருமுவாள்.

"நல்லாயிருப்பேடி," என்பாள் மைமூன், பல்லைக் கடித்துக்கொண்டு. "நல்லாயிருப்பே."

தாழ்ப்பாளை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுத் திரும்புவாள்.

இப்போது அந்தத் தாழ்ப்பாளில் ஆலிமாவின் அட்டையை நூல் கட்டித் தொங்கவிட்டாள்.

*

நாற்பது நாள் கழித்து, தைக்காவில் பாடத்துக்கு நடுவில் மைமூன் பேச்சை எடுத்தாள்.

"ஒரு வேளை தவறல, ஆலிமா."

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப முகம் ஏன் இப்படி இருக்கு?"

"அவ எதிர் ஓதறா."

"யாரு?"

கதவின் கதை அப்போதுதான் வெளியே வந்தது.

அட்டையில் குர்ஆனின் கடைசி மூன்று சூராக்கள் இருந்தன. பொறாமைக்காரன் பொறாமைப்படும்போது வரும் தீங்கைவிட்டுக் காவல் தேடும் வசனம் அதில் உண்டு. கண்ணேறுக்கு ஊரில் எல்லாரும் ஓதுவதுதான். மற்றதையெல்லாம் மைமூன் தனக்கு மட்டும் கேட்கும்படி ஓதினாள். அந்த வசனத்தில் குரல் ஏறியது. வேண்டுமென்று ஏற்றவில்லை என்று சொல்லிக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் சாரா அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"நான் முடிக்கிற வரைக்கும் மூச்சுவிட மாட்டா. முடிச்சதும் ஆரம்பிக்கிறா. அதே மூணு சூரா. பொறாமைக்காரன் இடத்துல என்னைவிட ஒரு பிடி கூடுதலா நீட்டறா."

பின்வரிசையில் ஒருத்தி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஓதல் எப்படி? எழுத்து சுத்தமா இருக்கா?" என்று கேட்டாள் ஆலிமா.

"அதுல குறை சொல்ல முடியாது. எங்க உம்மா சொல்லிக் கொடுத்தது."

"அவங்களும் தவறறதில்லையா?"

"எங்க தவறறா? மூச்சிரைக்குது, நடுநடுவுல இருமல் வேற. ஆனாலும் விடறாளா? காலைல ஒண்ணு, அந்திக்கு ஒண்ணு. நான் என்ன செய்யணும், ஆலிமா?"

"கதவுக்கு எத்தனை தாழ்ப்பாள்?"

"ஒண்ணு."

"எந்தப் பக்கம்?"

"என் பக்கம்."

ஆலிமா அடுத்த பாடத்தைத் திறந்தாள்.

*

அன்று அஸர் தொழுதுவிட்டு மைமூன் தாழ்ப்பாளின் முன்னால் வெகுநேரம் நின்றாள். கையும் வைத்தாள்.

நான் ஏன் திறக்க வேண்டும், வார்த்தை மாறினது யார் என்று தோன்றியது.

அட்டையை அவிழ்த்து எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அல்லாஹ்வுக்குக் கேட்டால் போதும், அந்த வீட்டுக்காரிக்கு எதற்குக் கேட்க வேண்டும்? உதடு மட்டும் அசைய ஓதினாள். மறுநாள் காலையில் கால் கதவுக்குத்தான் போகப் பார்த்தது. திருப்பிக்கொண்டாள்.

பழக்கம் விட்டுப்போகவில்லை. இப்போது ஓத அவளுக்கு எதுவும் தேவைப்படவில்லை, கதவுகூட.

அந்தப் பக்கத்திலிருந்து ஓதல் வரவில்லை. முதல் நாள் மைமூனுக்கு அது வெற்றியாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை, கதவுக்கு அப்பால் கட்டிலை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. இருமல் கேட்டது. மைமூன் அடுப்பைத் துடைத்தாள்.

ஐந்தாம் நாள் அஸருக்குப் பிறகு அழுகைச் சத்தம் கேட்டது.

தாழ்ப்பாள் பத்தடி தூரத்தில் இருந்தது. மைமூன் செருப்பை மாட்டிக்கொண்டு, வாசல் வழியாக இறங்கி, பெண்கள் நடக்கும் முடுக்கில் வளைந்து, தெருவைச் சுற்றிக்கொண்டு தங்கையின் வீட்டுக்குப் போனாள். அங்கே போய் நின்ற பிறகுதான் சுற்றி வந்தது அவளுக்கு உறைத்தது.

அதற்குள் சாராவின் முகத்தை மூடியிருந்தார்கள்.

*

பத்து நாள் கழித்து, பாடம் முடிந்து எல்லாரும் போன பிறகு, மைமூன் மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

ஆலிமா பக்கத்தில் வந்து அமர்ந்தாள்.

"ஓதறீங்களா, மாமி?"

"ஓதறேன். இனி அது போகாது."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு கேக்கணும், ஆலிமா. சாராவோட முடிவு நல்ல முடிவுதானா?"

"அது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். ஏன் கேக்கறீங்க?"

"அவ மக ஷிஃபா சொன்னா. கலிமா சொல்லிக் கொடுத்திருக்காங்க. கையை ஆட்டி நிறுத்தச் சொல்லியிருக்கா. அஸர் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரம் ஆச்சாம். கட்டில் கதவோரமா கிடந்துச்சாம். ரெண்டு நாளா அங்கதான் போடச் சொன்னாளாம். கதவுப் பக்கமா தலையைத் திருப்பிக் கேட்டாளாம்…"

"என்ன கேட்டாங்க?"

"'ராத்தா ஓதிட்டாளா?'ன்னு."

ஆலிமா நிமிர்ந்து பார்த்தாள்.

"அதுதான் கடைசி. உம்மாவுக்குக் கோழி வந்துச்சு. இவளுக்கு இது வந்துச்சு."

"உங்க உம்மா கோழியைக் கேட்டப்ப யாராவது பதில் சொன்னீங்களா?"

"சாரா சொன்னா. 'அடைச்சாச்சு உம்மா, எல்லாத்தையும் அடைச்சாச்சு'ன்னு காதுல சொன்னா. அப்புறம்தான் உம்மா கண்ணை மூடினாங்க."

"சாரா கேட்டப்ப?"

மைமூன் கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். நூல் இன்னும் அதில் இருந்தது.

"நான் அடுப்படியில இருந்தேன்."

"என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க?"

"ஓதிக்கிட்டு இருந்தேன்."