அடைக்காத வாசல்

மலையடிவார சுகாதார நிலையத்தில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, தலை நரைத்த பிறகு மயக்க மருந்துப் பயிற்சிக்கு வந்தவர் டாக்டர் தணிகைவேல். சொல்லிக்கொடுத்த டாக்டர் மெஹருன்னிசாவுக்கு அவர் மகளின் வயதுதான். ஆனாலும் வாய் நிறைய "மேடம்" என்பார். வித்தைக்கு வயது ஏது?

அன்றைக்கு சிசேரியனுக்காக அறுவை மேசையில் சகாயமேரி. போன பிரசவத்தில் அவளுக்கு முழு மயக்கம். விழித்துப் பார்த்தபோது பிள்ளை இல்லை. பிறந்து அழுததா, அழவே இல்லையா, இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

"இந்தத் தடவை என்னைத் தூங்க வச்சுராதீங்க சார். சத்தத்தை நான் கேக்கணும்."

தணிகைவேல் முதுகுத்தண்டில் ஊசி போட்டார். சற்றுப் பொறுத்து அவள் வயிற்றை அழுத்தினார்.

"தெரியுதா?"

"தெரியுது சார்."

"இப்ப?"

"தெரியுதே!" அவள் குரல் உடைந்தது.

அவருக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது. ஊசி மேலா, தன் மேலா, அவருக்கே விளங்கவில்லை.

"மருந்து பிடிக்கலை மேடம். முழு மயக்கம்தான் வழி."

சகாயமேரி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

மெஹருன்னிசா பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து அவள் தோளில் தடவினார்.

"எப்படி இருக்கு மேரி?"

"ஜில்லுனு."

வயிற்றில் தொடங்கி மார்புவரை தடவினார்.

"இப்ப?"

"தொடுறீங்க. ஆனா ஜில்லுனு இல்லையே!"

அறுவை டாக்டரம்மா இடுக்கியால் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். சகாயமேரி அசையவில்லை.

"ஆரம்பிக்கலாம்" என்றார் மெஹருன்னிசா.

"அதெப்படி மேடம்? அவளுக்குத்தான் தெரியுதே?"

"நரம்புச் சுவர்ல சின்னச் சின்ன வாசல் டாக்டர். அது வழியா சோடியம் உள்ளே பாய்ஞ்சாத்தான் சேதி நகரும். மருந்து உள்ளே புகுந்து அந்த வாசல்ல சம்மணம் போட்டு உக்காந்துக்குது. வலியும் குளிரும் மெல்லிசு நரம்புல வருது, அது சீக்கிரம் அடங்கும். அழுத்துறது தெரியுறது தடிச்ச நரம்புல. அது லேசுல அடங்காது."

"இதை நானும் படிச்சேனே!"

"படிச்சீங்க. அவகிட்ட தெரியுதான்னு கேட்டீங்க. என்ன தெரியுதுன்னு கேக்கலையே."



கத்தி வைத்தாயிற்று. வலி இல்லை. ஆனால் சகாயமேரியின் உதடு துடித்தது, கண்ணோர நீர் காதுக்குள் வழிந்தது. தணிகைவேலுக்குப் பொறுக்கவில்லை.

"பயத்துல சாகுறா மேடம். லேசா கண் சொக்குற மாதிரி அதுக்கும் ஒரு ஊசி போட்டுரலாமே? சின்னதா?"

மெஹருன்னிசா தலையசைத்து மறுத்தார். தணிகைவேலின் கையைப் பிடித்து இழுத்துச் சகாயமேரியின் உள்ளங்கையில் வைத்தார். நகம் பதிகிற அளவுக்கு அவள் பற்றிக்கொண்டாள்.

"இப்ப உள்ளே இழுக்கிற மாதிரி இருக்கும்மா" என்றார் தணிகைவேல். "வலிக்காது. வலிச்சா உடனே என்னைத் திட்டு."

அழுதுகொண்டே அவள் சிரித்தாள்.

திரைக்கு அந்தப் பக்கம் வீலென்று ஒரு சத்தம்.

"சார்! நம்ம பிள்ளையா?"

"நம்ம பிள்ளைதாம்மா. நல்லாக் கேளு."

அவள் கேட்டுக்கொண்டே கிடந்தாள்.

வெளியே வந்து கை கழுவும்போது தணிகைவேல் கேட்டார்: "அந்த ஊசியை ஏன் வேண்டாம்னீங்க மேடம்? பாவம், எவ்வளவு பயந்தா!"

மெஹருன்னிசா குழாயை மூடினார்.

"பயம் வர்ற வாசல் வழியாத்தான் டாக்டர் அந்தச் சத்தமும் வரணும். அதை அடைச்சிருந்தா, இந்தப் பிள்ளையும் வெளியிலேயே நின்னிருக்கும்."